காணிக்கைத் தட்டும் கணக்குப் புத்தகமும்

கொழும்பிலிருந்து வரும் ரயில் வட்டவளையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறி, ஹட்டனைப் பிடிக்கும் முன் நிற்கும் சின்ன ஸ்டேஷன் றொசல்ல. இறங்குகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். மேலே தேயிலை மலை, அதன் மடிப்புகளில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள். கீழே ஹட்டன் - கொழும்பு வீதி. அந்த வீதியில் கினிகத்தேன பக்கமாக இறங்கினால் சிங்களக் கிராமங்கள். தோட்டத்து ஆட்களும் நாட்டு ஆட்களும் ஒரே பஸ்ஸில்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். ஒரே கடையில் கோதுமை மாவும் சீனியும் வாங்குகிறார்கள். கடை முதலாளிக்கு இரண்டு மொழியும் வரும். கடன் கொப்பியை ஒரு மொழியில்தான் எழுதுவார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு சின்ன வித்தியாசம். இந்தப் பகுதியில் இரண்டு மொழிக்காரரும் போகும் தேவாலயங்களில் காலையில் ஒரு மொழியில் பூசை அல்லது ஆராதனை நடக்கும். அது முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மற்ற மொழியில் நடக்கும். பீடமும் சிலுவையும் ஒன்று, நேரம்தான் வேறு. முதல் கூட்டம் வெளியேறும்போது இரண்டாவது கூட்டம் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நிற்கும். தலையசைப்பு உண்டு, சிரிப்பும் உண்டு. பேச்சு அதற்கு மேல் போவது அரிது.

இலங்கையில் சிங்களவரும் தமிழரும் பெருந்தொகையில் ஒரே சமயத்துக்குள் இருப்பது கிறிஸ்தவத்தில் மட்டுந்தான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிறிஸ்தவர்கள் மொத்தச் சனத்தொகையில் 7.6 வீதம். தொகை சிறிது. ஆனால் இன நல்லிணக்கத்துக்கு என்று வெளிநாட்டுச் சபைகளும் நிதி நிறுவனங்களும் பணம் ஒதுக்கும்போது முதலில் திருச்சபையின் கதவைத் தட்டுவதற்கு இதுதான் காரணம். இரண்டு இனமும் ஏற்கெனவே ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன, இவர்களிடம் கொடுத்தால் காரியம் நடக்கும் என்ற கணக்கு அது. வாசலில் குடையோடு நிற்கும் இரண்டாவது கூட்டம் அந்தக் கணக்கில் வராது.

மலையகத்தில் திருச்சபைப் பணத்தின் கதை நூற்றெழுபது வருடக் கதை. அதை ஆரம்பத்திலிருந்து பார்த்தால்தான் இன்றைய நல்லிணக்க நிதி எங்கே சிக்கிக்கொண்டு நிற்கிறது என்று தெரியும்.

1854இல் அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ். மிஷன், கண்டியை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்காக ஒரு பணியைத் தொடங்கியது. அதன் பெயர் தமிழ் கூலி மிஷன். பெயரை மறைக்க வேண்டியதில்லை, அப்படித்தான் அச்சடித்தார்கள். திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் பழகியிருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் அதன் மேற்பார்வைக்கு வந்தார். அதே திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார்கள் வந்தார்கள். அது கோப்பிக் காலம். தோட்டம் தோட்டமாக நடந்து, காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்த பிறகோ அந்தி நேரத்திலோ லயத்து வாசலில் நின்று அவர்கள் பிரசங்கித்தார்கள், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த உபதேசியாருக்குச் சம்பளம் யார் கொடுத்தது? வெள்ளைக்கார மிஷனரியின் சம்பளத்தை லண்டன் பார்த்துக்கொண்டது. உபதேசியார்களின் செலவு பெரும்பாலும் தோட்டத் துரைமாரின் சந்தாவில் ஓடியது. துரைமாரில் உண்மையான பக்திமான்கள் இருந்தார்கள், அதை மறுக்க வேண்டாம். ஆனால் காசு கொடுக்கிற கையும், ஒரு நாள் வேலைக்கான கூலிக் கணக்காகிய ‘பேர்’ போடுகிற கையும் ஒன்றாக இருந்தது. பிரட்டுக்களத்தில் ‘அரைப்பேர்’, அதாவது பாதி நாள் கூலி மட்டும், போடும் நிர்வாகமே அந்தியில் அன்பைப் பற்றிப் பேச ஆள் அனுப்பியது. அப்படி வந்த உபதேசியார் அரைப்பேரைப் பற்றியோ துண்டைப் பற்றியோ எவ்வளவு தூரம் வாய் திறந்திருக்க முடியும்?

துண்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று எழுதிய கடதாசி அது. அந்தக் கடனை அடைக்கிறவன் ஆளை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம். மனிதனை ஒரு கணக்குச் சீட்டாக்கிய அந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரைக்கும் மலையகத் தமிழனைப் பற்றிய எல்லாக் கணக்கும் இன்னொருவன் கையில் இருந்தது. துரையின் சம்பளப் பதிவேடான செக்ரோல், கங்காணியின் கடன் கணக்கு, மிஷனின் வருடாந்த அறிக்கை என்று மூன்றிலும் அவன் பெயர் இருந்தது. மூன்றையும் வாசிக்க அவனுக்கு வழியில்லை.

ஹட்டனுக்கு அப்பால் டிக்கோயாவில் வோர்லி தேவாலயம் இருக்கிறது. 1878இல் கட்டியது. கீழே காசல்ரீ நீர்த்தேக்கம். உல்லாசப் பயணிகள் படம் பிடிக்க வருகிறார்கள், அழகுக்குக் குறைவில்லை. அதன் முற்றத்தில் துரைமாரின் கல்லறைகள் பெயரும் தேதியும் பொறித்த கல்லோடு ஒழுங்காக இருக்கின்றன. தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பாதையிலேயே கொள்ளைநோயில் விழுந்த ஆட்களுக்குக் கல் கிடையாது. 2023இல் அந்த வருகையின் இருநூறு வருட நினைவாக அதே பாதையில் மலையக மக்கள் நடந்தார்கள். ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடித்தார்கள். கல்லுக்குப் பதிலாக அந்த நடை.

சுதந்திரம் வந்தது, 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. தோட்டத்து ஆட்கள் ஒரே வருடத்தில் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் தொழிற்சங்கத்தின் சத்தம் கேட்ட அளவுக்குத் தேவாலய மணியின் சத்தம் கேட்கவில்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

கேட்க வைத்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும்.

லியோ நாணயக்கார சிங்களவர், பெனடிக்ட் சபைத் துறவி, 1959 முதல் கண்டியின் கத்தோலிக்க ஆயர். கண்டி பழைய மறைமாவட்டம், வசதியான ஆயர் இல்லம், பெயரும் பெருமையும் உள்ள இடம். 1972இல் ஊவாவுக்கென்று பதுளை மறைமாவட்டம் புதிதாகப் பிரிக்கப்பட்டபோது, கண்டியை விட்டுவிட்டுத் தேயிலையும் வறுமையும் நிறைந்த பதுளைக்குத் தானே கேட்டுப் போனார். 1982இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இந்தப் பதவி இறக்கத்தைத் தானே தேடிக்கொண்ட இன்னொரு ஆயரை எனக்குத் தெரியாது.

அதே 1972இல், அவருடைய ஆதரவோடு, இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியில் ‘சத்யோதய’ என்ற நிலையத்தைத் தொடங்கினார். உண்மையின் உதயம் என்று அர்த்தம். இன நல்லிணக்கத்தைப் பற்றி வகுப்பு எடுப்பதற்கு முன்னால், வேறு வேறு இனத்தவர் ஒரே கூரையில் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பது அங்கே வழக்கம். 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவாவதற்கும் கஸ்பர்ஸ் காரணமாக இருந்தார். அந்த வருடங்களை வயதானவர்கள் மறக்கவில்லை. 1973-74 பஞ்சத்தில் மாவுக்கு வரிசை, லயங்களில் பட்டினிச் சாவு. பின்னால் தோட்டங்கள் அரசுடைமையானபோது, துரை மாறினார், லயம் மாறவில்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற கூட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் விழுந்தார். ஓகஸ்டில் தமிழருக்கு எதிரான கலவரம். இவ்வளவுக்கும் நடுவில் கஸ்பர்ஸ் கட்டுரை எழுதினார், ஊர்வலம் போனார், 1979இல் இனங்களுக்கிடையிலான நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் உருவானபோது முன்னணியில் நின்றார். 2017இல் காலமானார்.

தென்னிலங்கையில் இன்னொரு முயற்சியும் நடந்தது. 1958இல் விஜய வித்யாசாகர முதலானவர்கள் தொடங்கிய கிறிஸ்தவத் தொழிலாளர் கூட்டுறவு, மே தினத்தில் தொழிலாளர் பூசை என்ற ஒன்றை நடத்தியது. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே வழிபாட்டுக்குள் கலந்து வந்தன. எட்டு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று என்ற ஏற்பாடு அங்கே இல்லை.

உலகத் திருச்சபைகளின் பக்கம் திரும்பினால் நம்மவர் ஒருவர் வருகிறார். 1968இல் சுவீடனின் உப்சாலா நகரில் உலகத் திருச்சபைகள் பேரவையின் மாநாடு. தொடக்க உரைக்கு அழைக்கப்பட்டிருந்தவர் மார்ட்டின் லூதர் கிங். ஏப்ரலில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவருடைய இடத்தில் நின்று பேசியவர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்தப் போதகர் டி. ரி. நைல்ஸ். அந்த மாநாட்டின் தொடர்ச்சியாக அடுத்த வருடம் இனவாத எதிர்ப்புத் திட்டம் பிறந்தது. 1970இல் அதன் விசேட நிதியிலிருந்து 19 அமைப்புகளுக்கு இரண்டு இலட்சம் டொலர் பிரித்துக் கொடுத்தார்கள். அதில் தென்னாபிரிக்கப் பிராந்தியத்து விடுதலை இயக்கங்களும் இருந்தன. மேலைநாட்டுச் சபைகளில் பெரிய அமளி. 1978இல் ரொடீசியாவின் விடுதலை இயக்கமான தேசபக்த முன்னணிக்குப் பணம் போனதும் இரட்சணிய சேனை பேரவையில் தன் அங்கத்துவத்தை இடைநிறுத்தியது.

இரண்டு இலட்சம் டொலர் உலகக் கணக்கில் பெரிய தொகையல்ல. அமளிக்குக் காரணம் அது கொடுக்கப்பட்ட விதம். வாங்கியவர்கள் அதை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று பேரவை கட்டுப்பாடு வைக்கவில்லை. ஒடுக்கப்பட்டவனுக்குத் தன் தேவை தெரியும் என்ற நம்பிக்கை. அந்த ஒரு நிபந்தனை இல்லாமைதான் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் நடுவில் இருந்த மேசையை எடுத்துப் போட்டது.

இன்றைக்கு அந்த மேசை திரும்ப வந்திருக்கிறது, மேலே வெள்ளை விரிப்போடு.

சில வருடங்களுக்கு முன், நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆகியிருந்த காலத்தில், ஹட்டன் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த நல்லிணக்கச் செயலமர்வு ஒன்றுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். யார் நடத்தியது என்பது வேண்டாம், மனமார நல்லது செய்ய நினைத்தவர்கள்தான். மும்மொழிப் பதாகை கட்டியிருந்தது. தமிழில் ஓர் எழுத்துப் பிழை. வளவாளர் கொழும்பிலிருந்து வந்து ஆங்கிலத்தில் பேசினார், ஒருவர் சிங்களத்தில் சொன்னார், தமிழுக்கு நேரம் போதவில்லை. வருகைத் தாளில் கையெழுத்து, போக்குவரத்துக் காசு, மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல், கடைசியில் எல்லோரும் கைகோத்து ஒரு படம். எனக்குப் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் இருந்தார்.

“அக்கா, இன்னைக்கு வேலைக்குப் போகலியா?”

“போகல தம்பி. பேரு போச்சு. சாமியாரு கூப்பிட்டாரு, எப்புடி மாட்டேங்கிறது?”

அவருக்குக் கிடைத்த போக்குவரத்துக் காசு அன்றைய பேருக்கு ஈடாகவில்லை. மண்டப வாடகையும் வாகனமும் பதாகையும் வளவாளரின் கொடுப்பனவும் அந்த நிதியில் ஏறியிருக்கும். இழந்த பேர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நல்லிணக்கத்துக்கு அன்று உண்மையில் காசு கொடுத்தவர் அந்த அக்காதான்.

போகும்போது பக்கத்து வரிசையிலிருந்த சிங்கள அம்மா ஒருவரிடம் அவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன கேட்டீர்கள் என்றேன். அந்த அம்மாவின் மகள் எந்தக் கடையில் சாரி எடுத்தாள் என்று கேட்டாராம். நாள் முழுக்க நடந்த செயலமர்வில் இரண்டு இனம் பேசிக்கொண்டது அந்த ஒரு நிமிடந்தான். அதற்கு வளவாளர் தேவைப்படவில்லை.

பணம் கொடுக்கிறவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. மூன்று வருடத் திட்டம், ஆறு மாதத்துக்கு ஓர் அறிக்கை, இத்தனை பயனாளிகள், இத்தனை படங்கள் என்ற அச்சுக்குள் நல்லிணக்கத்தை ஊற்றினால் அது செயலமர்வாகத்தான் வெளியே வரும். போருக்குப் பின் வந்த நிதியின் கண் வடக்கு கிழக்கின் மேலேதான் இருந்தது. மலையகத்தில் போர்க்களம் இல்லையே என்று நினைத்தார்கள் போலும். 2000 ஒக்டோபரில் பண்டாரவளை பிந்துனுவெவ முகாமில் தமிழ் இளைஞர்கள் அடித்துக் கொல்லப்பட்டதும், அந்தக் கொதிப்பு தலவாக்கலை வரை வந்ததும் அவர்களின் வரைபடத்தில் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பணம் என்றாலே இந்த நாட்டில் ஒரு சந்தேகம் உண்டு. 2003இல் மென்சிங்கன் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. உதவி செய்வதோடு சமயம் பரப்புவதும் சேரும்போது அது தூண்டுதல் ஆகிவிடும் என்பது தர்க்கம். 2005இல் ஐ.நா.வின் மனித உரிமைக் குழு அதற்கு மாறாக, அந்த முடிவு உரிமை மீறல் என்று சொன்னது. நடுவில், 2004இல், மதமாற்றத் தடைச் சட்டமூலமும் பாராளுமன்றத்துக்கு வந்தது. அந்தச் சட்டம் நிறைவேறவில்லை, அது கிளப்பிய பயம் மட்டும் தங்கிவிட்டது. தோட்டத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுத்தாலும் ‘எத்தனை பேரை மாற்றப் போகிறார்கள்’ என்ற பேச்சு எழும். அந்தப் பேச்சு கோயில் கமிட்டியிலிருந்தும் வரும், விகாரையிலிருந்தும் வரும். ஒரு சபை தோட்டத்துக்குள் கால் வைக்க நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். ஆகவே ஆபத்தில்லாத வேலையையே சபைகள் தேர்கின்றன. ஆபத்தில்லாத வேலைக்குத்தான் பதாகை தேவைப்படுகிறது.

சந்தேகப்படுகிறவர்களுக்கு முன்னால் நாங்களும் கொஞ்சம் கண்ணாடி பார்க்கலாம். பிளவு சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவில் மட்டுமா? ‘தோட்டத்து ஆள்’ என்ற சொல்லை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எத்தனை கிறிஸ்தவக் குடும்பங்கள் எந்தத் தொனியில் சொல்லின என்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். லயத்துக்குள்ளும், கல்லறைத் தோட்டத்து வரிசையிலும்கூடச் சாதி தெரிகிற இடங்கள் உண்டு. இதற்கு எந்த வெளிநாட்டு நிதியும் தலைப்புப் போடுவதில்லை. ‘இன நல்லிணக்கம்’ என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, இதற்குப் பெட்டி இல்லை.

தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஒருவர் காசே செலவழிக்காமல் செய்த ஒரு காரியம் இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க கலவரத்தின்போது நாட்டில் இல்லை. உடல்நலம் குன்றியிருந்த நிலையில் திரும்பி வந்தார், பாதிக்கப்பட்டவர்களைப் பார்க்கப் போனார், யாழ்ப்பாணமும் போனார். செப்டெம்பரில் தன் மக்களுக்கு எழுதிய ஆயர் மடலில், ஒரு சிங்களவனாக வெட்கப்பட வேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கருத்தை ஒளிக்காமல் வைத்தார். ஒக்டோபரில், 56 வயதில், இறந்துபோனார். அந்த மடலுக்கு எந்த நிறுவனமும் நிதி கொடுக்கவில்லை. மண்டபம் பிடிக்கவில்லை, படம் எடுக்கவில்லை.

மன்னிப்போடு பழைய கடன் கணக்கையும் பேசும்போது இங்கிலாந்துத் திருச்சபை அண்மையில் செய்ததையும் பார்க்க வேண்டும். தன் பழைய மூலதனத்தின் ஒரு பகுதி அடிமை வியாபாரக் கம்பனியில் போட்ட காசு என்று கணக்காளர்களை வைத்துத் தோண்டிக் கண்டுபிடித்து, 2023 ஜனவரியில் பத்துக் கோடி பவுண் ஒதுக்குவதாக அறிவித்தது. அது போதாது, நூறு கோடி வேண்டும் என்று அது நியமித்த குழுவே அடுத்த வருடம் சொன்னது. போதுமா போதாதா என்பது அவர்கள் வழக்கு. நான் கவனிப்பது முதல் படியைத்தான். நிதி ஒதுக்கும் முன்னால் பழைய பேரேட்டைத் திறந்தார்கள். கோப்பி, தேயிலைக் காசில் எழும்பிய நம்முடைய மலையகத் தேவாலயங்களின் பேரேட்டை யாராவது திறந்தார்களா? எந்தத் தோட்டம் எவ்வளவு சந்தா கொடுத்தது, அதே வருடம் அந்தத் தோட்டத்தில் தொழிலாளிக்கு எத்தனை நாள் பேர் போட்டது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பெரிய செலவுள்ள வேலையில்லை. தமிழும் சிங்களமும் தெரிந்த இரண்டு மூன்று பிள்ளைகளும், தூசி தட்ட ஒரு துணியும் போதும்.

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்துக்கு நல்லிணக்க நிதி என்று ஒன்று வருமானால் முதல் வேலை மொழி. சிங்களப் பங்குகளில் இருக்கும் ஒவ்வொரு குருவும் போதகரும் தமிழில் ஒரு வீட்டுத் துக்கத்தில் பேசுகிற அளவுக்குப் படிக்க வேண்டும், தமிழ்க் குருமார் சிங்களத்திலும் அதே அளவுக்கு. இரண்டாவது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே இடத்தில் மாலை வகுப்பு, இரண்டு மொழியில், பத்து வருடத்துக்கு. மூன்று வருடத்தில் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குக்கூட வந்து சேராது. மூன்றாவது, ஆட்களைக் கூப்பிட்டால் அன்றைய பேரை முழுதாகக் கொடுக்க வேண்டும். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. கூப்பிடும் நாளில் நாட்சம்பளம் எவ்வளவோ அது வரவு செலவில் முதல் வரியாக வரட்டும், பதாகை கடைசி வரியாகப் போகட்டும்.

பணம் எங்கிருந்து வந்தாலும், றொசல்லவிலிருந்து பொகவந்தலாவ வரை எந்தச் சபைக்கு வந்தாலும், இந்த வருடக் கணக்கை மறைமாவட்டத்துக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புவதற்கு முன்னால் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தேவாலயக் கதவில் ஒட்டுங்கள். முதல் ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களும் அடுத்ததுக்குக் காத்து நிற்கிறவர்களும் ஒரே நேரத்தில் வாசிக்கக்கூடிய உயரத்தில் ஒட்டுங்கள்.